அந்தச் சின்ன இன்ஜினை ஓட்டுவது யார்?



ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேச இங்கே கூடியிருக்கிறோம். நடைப்பயிற்சி, வாசிப்பு, மாடித்தோட்டம் என்று பலவும் நமக்குத் தெரியும். நான் சற்று வேறு தண்டவாளத்தில் போகப் போகிறேன். நிஜமாகவே தண்டவாளத்தில்தான். நீராவியில் ஓடும் மாதிரி ரயில் இன்ஜினைக் கட்டுவது பற்றியும், கட்டியதை நம்முடையதாக ஆக்கிக்கொள்வது பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மாதிரி ரயில் என்றதும் சாவி கொடுத்தாலோ பேட்டரி போட்டாலோ வட்டமடிக்கும் பொம்மை நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இதில் உண்மையான தண்ணீர் இருக்கிறது. உண்மையான நெருப்பு இருக்கிறது. ஒரு முழங்கை நீளமே உள்ள இன்ஜின், தன் வயிற்றில் நீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியின் பலத்தால் தானே நகர்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு விரிகிறது. இடியாப்பச் சட்டியின் மூடி துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூடியைத் துள்ளவைக்கும் அந்த ஆவியை ஒரு குழாய் வழியே உருளைக்குள் அனுப்பி, உள்ளே இருக்கும் பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளவைத்தால் சக்கரம் சுழல்கிறது. ஜார்ஜ் ஸ்டீவன்சன் காலத்திலிருந்து இன்றுவரை தத்துவம் இதுதான்.

சின்ன இன்ஜின்களில் பெரும்பாலும் நிலக்கரிக்குப் பதில் பியூட்டேன் வாயு எரிகிறது. சிகரெட் லைட்டரில் நிரப்புகிறோமே, அதே வாயுதான். செம்பினால் ஆன கொதிகலனின் நடுவே ஒரு குழாய். அதற்குள் நீலச் சுடர். ஐந்தாறு நிமிடத்தில் அழுத்தமானியின் முள் எழும்பும். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம் வந்ததும் இன்ஜின் புறப்படத் தயார். ஒருமுறை நீரும் வாயுவும் நிரப்பினால் இருபது முப்பது நிமிடம் ஓடும். முதல் சில சுற்றுகளில் புகைபோக்கி வெந்நீரைத் துப்பும். குளிர்ந்திருக்கும் உருளைக்குள் போன ஆவி மறுபடியும் நீராகிவிடுவதால் வரும் எச்சில் அது. உருளை சூடானதும், 'சுக் சுக்' என்று நாம் குழந்தைப் பாட்டில் மட்டுமே கேட்ட அந்தச் சத்தம் வரும்.

பத்தர் பட்டறையில் ஒரு பாடம்

கட்டுவது கடினமா என்று கேட்பீர்கள். சட்டகம், சக்கரம், உருளை, இணைப்புத் தண்டு, திருகாணிகள் எல்லாம் பெட்டியில் அடைத்து வரும் தொகுப்புகள் உண்டு. விலை, ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலையைத் தாண்டும். பதிலுக்கு, அது இரண்டு ஆண்டில் பழசாகாது. அரமும் திருப்புளியும் பொறுமையும் இருந்தால், சில மாத வார இறுதிகளில் கட்டி முடித்துவிடலாம்.

ஆனால் ஒரு பாகத்தை மட்டும் சோதித்துச் சான்று பெற்றதாகவே வாங்குங்கள். அதுதான் கொதிகலன். 40 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நீர், 100 டிகிரியில் அல்ல, சுமார் 140 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. மின்னணுச் சாமான்களில் பயன்படும் பழைய ஈயப் பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும். நீர் வற்றிப்போனால் அந்த வெப்பம் வர அதிக நேரம் ஆகாது. ஆகவே கொதிகலனை வெள்ளி கலந்த பற்றினால்தான் இணைக்க வேண்டும். அது உருக 600 டிகிரிக்கும் மேல் வேண்டும்.

இந்த வெள்ளிப் பற்றைப் புரிந்துகொள்ள நான் இங்கிலாந்துப் புத்தகங்களைப் புரட்டினேன். பிறகுதான் தோன்றியது, இந்த வித்தை தேக்காவிலேயே இருக்கிறதே என்று. நகைப் பத்தர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். மூட்டு வாயைச் சுத்தம் செய்தார். வெண்காரம் தடவினார். பற்றுத் துணுக்கை வைத்தார். சுடரைப் பற்றின் மேல் காட்டவில்லை; அதைச் சுற்றியுள்ள உலோகத்தை முதலில் சூடாக்கினார். உலோகம் சிவந்ததும் பற்று தானே உருகி இடுக்குக்குள் ஓடி மறைந்தது. புத்தகத்தில் ஆறு பக்கம் படித்ததை அரை நிமிடத்தில் பார்த்தேன். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோம் அல்லவா? பத்தர்கள் பற்றுப்பொடி வைத்து ஊதுவதிலிருந்து வந்த பேச்சு அது என்று அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். 'கேடிஎம் நகை' என்று விளம்பரங்களில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேடிஎம், காட்மியம் என்ற உலோகம். பற்று எளிதாக உருகுவதற்காக அதைக் கலந்தார்கள். அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. பழைய வெள்ளிப் பற்றுக் கம்பிகளிலும் இதே காட்மியம் இருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கம்பியை வாங்கி, அறைக்குள் உட்கார்ந்து ஊதிவிடாதீர்கள்.

கொதிகலனைச் சோதிக்கும் முறையும் தெரிந்துகொள்ள வேண்டியது. புதிய கொதிகலனுக்குள் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கு ஏற்றுவார்கள். ஏன் காற்றை ஏற்றக்கூடாது? காற்று சுருங்கும், சுருங்கிய காற்றில் சக்தி சேர்ந்திருக்கும், உடைந்தால் வெடிக்கும். நீர் ஏறக்குறைய சுருங்காது. விரிசல் இருந்தால் ஒரு சொட்டு கசியும், அவ்வளவுதான். ஒரு பொருளின் பலவீனத்தை யாருக்கும் காயமில்லாமல் கண்டுபிடிக்கும் வழி இது.

இயற்கையைச் சுருக்க முடியாது

இன்ஜினைச் சுருக்கலாம், இயற்கையைச் சுருக்க முடியாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் கொதிகலனின் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். மேற்பரப்போ நான்கில் ஒரு பங்குக்குத்தான் குறையும். அதாவது, உள்ளே இருக்கும் நீரோடு ஒப்பிட்டால் சூடு வெளியேறும் வழி இரு மடங்காகிறது. சின்ன இன்ஜின் சீக்கிரம் குளிர்ந்துவிடுவது இதனால்தான்.

ஊதலும் அப்படியே. இன்ஜின் ஊதலைப் பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் சுருதி பத்தொன்பது மடங்கு ஏறிவிடும். கம்பீரமான கூவல் வெறும் கீச்சுக்குரலாகும். ஆகவே அனுபவசாலிகள், கூரைமேல் பார்வைக்கு ஒரு சின்ன ஊதலை வைத்துவிட்டு, நீளமான உண்மை ஊதலை அடியில் மறைத்துவிடுவார்கள்.

இந்தத் தடைகளால், குட்டிக் கொதிகலனால் பெரிதாக எதுவும் இழுக்க முடியாது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1920களில் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலேயர் ஒருவர், இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் 'ஆயிஷா' என்ற தம் நிலக்கரி இன்ஜினைக் கொண்டுவந்து, அது ஓர் ஆளையே இழுத்துச் செல்வதைக் காட்டினார். பிறகு பல பத்தாண்டுகள் 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகையில், வீட்டில் ஒரு சின்ன மேசை மட்டும் வைத்திருப்பவருக்கும் புரியும்படி, சமையல் குறிப்பு போல இன்ஜின் கட்டச் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கலையைப் பொறியாளர் வீட்டிலிருந்து சாமானியர் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

பொம்மைக்கு முகம்

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தொகுப்பிலிருந்து கட்டிய இன்ஜின் எல்லாருடைய இன்ஜினையும் போலத்தான் இருக்கும். அதைத் தனக்கென ஆக்கிக்கொள்வதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம். நிறம் மாற்றுவார்கள், பித்தளையில் பெயர்ப்பலகை செதுக்குவார்கள், விளக்கு வைப்பார்கள். வாயுவில் ஓடும் இன்ஜினாக இருந்தாலும், கரித்தொட்டியில் நிஜ நிலக்கரியை நுணுக்கி ஒட்டுவார்கள். ஓட்டுநர் பொம்மை ஒன்றும் நிறுத்துவார்கள்.

என் இன்ஜினிலும் ஒரு பொம்மையை நிறுத்தினேன். 32 மில்லிமீட்டர் தண்டவாளம், பத்தொன்பதில் ஒரு பங்கு அளவு. அந்த அளவில் ஒரு மனிதன் சுமார் 9 சென்டிமீட்டர் உயரம் இருப்பான். கடையில் கிடைத்த பொம்மைக்கு வெள்ளை முகம், நீலச் சட்டை, தட்டைத் தொப்பி.

என் அம்மாவின் சித்தப்பா அந்தக் காலத்து மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாங்கள் சின்னத் தாத்தா என்போம். பதினெட்டு வயதில் இன்ஜின் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு பயர்மேன் ஆனவர். துடைப்பவர், பயர்மேன், டிரைவர் என்பதுதான் அன்றைய ஏணி. அவரிடம் இன்ஜினைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது மெயின் லைன் வண்டி மாதிரி இல்லையே பாப்பா. தோட்டத்து வண்டி மாதிரில்ல இருக்கு" என்றார். உண்மைதான். மலாயாவின் தோட்டங்களில் இப்படிச் சின்னத் தண்டவாளங்கள் இருந்தன. பிறகு பொம்மையைத் தொட்டார். "இது யாரு? துரையா?"

"டிரைவர் தாத்தா."

"நான் இருந்தப்ப துரை இன்ஜின்ல ஏறுனா இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் ஏறுவாரு. ஓட்டுனது நாங்கதானே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

நம் ஊர் ரயில் வரலாற்றைப் பாருங்கள். 1903ல் சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது. நிலையம் இருந்தது டேங்க் ரோட்டில், நம் தெண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே சாலையில். 1923ல் கடற்பாலத்தின் மீது ரயில் ஓடியது. 1932 மே மாதம் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு, ஜொகூர் சுல்தான் இப்ராகிம் தாமே ஓட்ட, அங்கிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதே ஆண்டு அந்தக் கட்டடம் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. இன்று அந்தத் தண்டவாளப் பாதையில் நாம் நடக்கிறோம், சைக்கிள் ஓட்டுகிறோம். புக்கிட் தீமா நிலையத்தில் நின்று படம் எடுக்கிறோம்.

தஞ்சோங் பகார் நிலைய முகப்பில் நான்கு பெரிய பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிப்பவை. அழகான சிலைகள்தான். ஆனால் தண்டவாளம் போட்ட தமிழர், சிக்னல் கம்பி இழுத்தவர், நிலைய அதிபராக இருந்த யாழ்ப்பாணத்தார், அவர்களோடு உழைத்த மலாய், சீன, பஞ்சாபித் தோழர்கள், கரி அள்ளிய என் சின்னத் தாத்தா, இவர்களில் ஒருவர் முகமும் அதில் இல்லை.

இன்னும் கசப்பான உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதைக்காக மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் ஓடிய சி56 வகை இன்ஜின் ஒன்று இன்று தோக்கியோவில், யாசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இரும்பைப் பாதுகாப்பது எளிது. அந்த இரும்போடு வாழ்ந்தவர்களையும் மாண்டவர்களையும் நினைவில் வைத்திருப்பதுதான் கடினம்.

ஆகவே அந்தப் பொம்மையைக் கழற்றினேன். கம்பியால் எலும்பு வைத்து, எப்பாக்சிப் பசையால் உடல் செய்தேன். கொதிகலன் சூட்டில் சாதாரணப் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. காக்கிக் கால்சட்டை, கரிபடிந்த பனியன், கழுத்தில் துண்டு. துண்டு எதற்கென்று தாத்தா சொன்னார்: வியர்வை துடைக்க மட்டுமல்ல, பறந்துவரும் தணல்துகள் சட்டைக்குள் விழாமல் இருக்கவும்தானாம்.

கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்துக் கரியைப் பற்றிச் சொன்னார். அந்தச் சுரங்கம் 1960ல் மூடப்பட்டது. பால்டின் டப்பாவுக்குக் கம்பிப் பிடி வைத்துத் தேநீர் கொதிக்கவைத்ததைச் சொன்னார். 4 மில்லிமீட்டர் செம்புக்குழாய்த் துண்டில் அந்த டப்பாவைச் செய்து மாட்டினேன். ஆயுத பூசை அன்று கரி அள்ளும் ஷவலுக்கும் சந்தனப் பொட்டு வைத்ததைச் சொன்னார். என் இன்ஜினில் விரல் நகம் அளவே உள்ள அந்த ஷவலின் பின்புறம் இப்போது ஊசிமுனையால் வைத்த ஒரு மஞ்சள் புள்ளி இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பெயர்ப்பலகையைத் தமிழில் வைக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் தாத்தா, "எங்க வண்டியில தமிழ் எழுத்து எதுவும் இருந்ததில்லையே" என்றார். நம் பெருமைக்காக நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டக்கூடாது அல்லவா? வெளியே எண் மட்டும் போட்டேன். ஆனால் ஓட்டுநர் நிற்கும் அறைக்குள், சாக்பீசில் கிறுக்கியது போல ஒரு பிள்ளையார் சுழி. அப்படித்தான் போட்டு வேலையை ஆரம்பிப்பாராம். அது நடந்தது. ஆகவே அது இருக்கலாம்.

தனக்கென ஆக்கிக்கொள்வது என்றால் என் விருப்பப்படி அலங்கரிப்பது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. ஒரு பொருள் யாருடைய உழைப்பால் ஓடியதோ அவர்களை அதற்குள் மறுபடி ஏற்றிவிடும்போதுதான் அது நம்முடையதாகிறது.

கட்டவும் நமக்குத் தெரியும்

'நம்மவர்கள் ஓட்டினார்கள், துடைத்தார்கள். கட்டியவன் வெள்ளைக்காரன்தானே' என்று யாராவது கேட்கலாம். நீலகிரி மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 2005ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பாதை அது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து. தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்து, அதைப் பற்களால் பற்றிக்கொண்டு ஏறும் இன்ஜின்கள். அந்த எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்டவை. அவை மூப்படைந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகை நீராவி இன்ஜின்களைப் புதிதாகவே கட்டினார்கள். 2011க்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவை மலையேறின. உலகில் பெரும்பாலான நாடுகள் நீராவியைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு நடந்தது இது. பொன்மலையில் முழு அளவில் செய்வதை நாம் மேசைமேல் சின்ன அளவில் செய்கிறோம்.

அடுக்குமாடி வீட்டில் முடியுமா?

முடியும், சில ஒழுங்குகளோடு. கட்டும் வேலைக்கு ஒரு மேசை போதும். இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்க நெருப்பே வேண்டாம்; குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் உருளைகள் இயங்கும். சக்கரங்களை உருளிகளின் மேல் நிறுத்திவிட்டால் இன்ஜின் நின்ற இடத்திலேயே ஓடும். வீட்டில் அதுவரை போதும். நெருப்பேற்றி ஓட்டுவதைக் காற்றோட்டமான, அனுமதி பெற்ற திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுத் தாழ்வாரம் அதற்கான இடமல்ல. இன்ஜின் குளிர்ந்த பிறகே வாயு நிரப்புங்கள். கொதிகலனுக்குப் படிவு விடாத சுத்தமான நீரை ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டும் முன் பாதுகாப்பு வால்வு திறக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் கூட இருக்கட்டும், கை எட்டும் தூரத்துக்கு அப்பால்.

மலாயா ரயில்வேயில் நீராவியின் காலம் 1970களில் முடிந்தது. கடைசியாகக் கரி அள்ளிய இளைஞர்களுக்குக்கூட இன்று எழுபது வயதைத் தாண்டியிருக்கும். என் தாத்தா தொண்ணூறை நெருங்குகிறார். பழைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன. இன்ஜின் என்ன நிறம் என்று அவை சொல்லாது. டீ டப்பா எந்தப் பக்கம் தொங்கியது என்று எந்த ஆவணமும் சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில், தோ பாயோவிலும் ஈசூனிலும் ஜொகூரிலும், தொலைக்காட்சிக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் தொலைக்காட்சியில் வருகிறவள்தான். இருந்தாலும் சொல்கிறேன், ஒரு மாலை அதை அணைத்துவிடுங்கள்.

இன்ஜின்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்திருக்கலாம், அச்சகத்தில் எழுத்துக் கோத்திருக்கலாம், பேருந்து ஓட்டியிருக்கலாம். அவர் முன்னால் ஒரு பொருளை வைத்துவிட்டு, "இதில் என்ன குறைகிறது?" என்று மட்டும் கேளுங்கள். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்றால் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. பொருளில் உள்ள குறையைக் காட்டத் தெரியும். அந்தக் குறையிலிருந்து கதை வரும். வந்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள்.